தலைக்கு ஒரு சட்டி சீயக்காய்

வீட்டிலேயே சீயக்காய் காய்ச்சித் தலைக்குக் குளிக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "முடி வளருமா?" கோயிலிலும் கேட்பார்கள், கல்யாண வீட்டிலும் கேட்பார்கள், மளிகைக்கடையில் பூந்திக்கொட்டை நிறுக்கச் சொல்லிவிட்டு நிற்கும்போதும் கேட்பார்கள். என் பதிலும் எப்போதும் ஒன்றுதான். வளராது. சீயக்காய் முடியை வளர்க்கும் மருந்து இல்லை. அழுக்கையும் எண்ணெயையும் எடுக்கும். தலையை வறட்டாமல் எடுக்கும். அந்த ஒரு வேலைக்காகவே அதைக் காய்ச்சலாம் என்பது என் எண்ணம். வளரும், அடர்த்தியாகும், நரைக்காது என்றெல்லாம் நம்பி ஆரம்பிப்பவர்கள் இரண்டு மாதத்தில் சலித்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நல்ல ஒரு பழக்கம் அப்படிக் கைவிட்டுப் போவதுதான் எனக்கு வருத்தம்.

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பது சபோனின் என்ற பொருள். அதன் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், மறுமுனைக்கு எண்ணெய் பிடிக்கும். தலையில் இருக்கும் எண்ணெயை ஒரு முனை பற்றிக்கொள்ள, ஊற்றுகிற தண்ணீரோடு மறுமுனை போக, எண்ணெயும் அதில் ஒட்டியிருந்த தூசியும் சேர்ந்து கழன்றுவிடும். நுரை வருவதும் இதனால்தான். கடை ஷாம்பூவில் இருக்கும் சோடியம் லாரெத் சல்ஃபேட் செய்வதும் இதே வேலைதான், இன்னும் வேகமாக, இன்னும் அதிக நுரையோடு. ஆகையால் ஒன்று விஷம், இன்னொன்று அமுதம் என்று பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. வேகத்தில்தான் வித்தியாசம். எங்கள் ஊரில் வெயிலுக்கும் வியர்வைக்கும் வாரத்தில் மூன்று நான்கு முறை தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது. அத்தனை முறையும் வேகமானதையே போட்டால் என் தலை தாங்குவதில்லை. மெதுவானது எனக்கு ஒத்துவருகிறது.

சோப்புக்கட்டியின் கதை வேறு. சோப்பு காரத்தன்மை உள்ளது. அது பட்டால் முடியின் மேல் செதில்கள் தூக்கிக்கொள்ளும், முடி ஒன்றோடொன்று சிக்கும். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் சோப்பும் அதுவும் சேர்ந்து வெள்ளையாக ஒரு படலம் படியும். சீயக்காய்க் கரைசல் இலேசான புளிப்புத்தன்மை கொண்டது. செதில்களைப் படியவே வைக்கும், உப்புத் தண்ணீரிலும் அந்த வெள்ளைப் படலம் வராது. குளித்து முடித்ததும் சீப்பு தடையில்லாமல் இறங்குவதற்குக் காரணம் இதுதான்.

நான் இருப்பது பெஸ்தாரி ஜெயா. எங்கள் வயதுக்காரர்களுக்கு அது இன்றும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் கோல சிலாங்கூர் மாவட்டம், ஒரு பக்கம் சிலாங்கூர் ஆறு, மற்ற பக்கமெல்லாம் செம்பனை. மலாயாவில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917இல், இங்கே இருக்கும் தென்னமரம் என்ற பெயருள்ள தோட்டத்தில்தான். ஷாம்பூவைப் பற்றி எழுத வந்துவிட்டு செம்பனையைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. செம்பனைப் பழத்தில் இரண்டு எண்ணெய். சதையிலிருந்து வருவது நாம் சமைக்கிற எண்ணெய். உள்ளே இருக்கும் கொட்டையின் பருப்பிலிருந்து வருவது இன்னொன்று. அது தேங்காய் எண்ணெய்க்குச் சொந்தக்காரன். அதில் பாதிக்குப் பாதி லாரிக் அமிலம். அந்த லாரிக்கிலிருந்துதான் லாரில் சல்ஃபேட், லாரெத் சல்ஃபேட் என்று ஷாம்பூவின் நுரைக்கு வேண்டியதெல்லாம் தயாராகிறது. எங்கள் ஆட்கள் நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக்கொண்டு கழுத்து வலிக்க அண்ணாந்து வெட்டிப் போடுகிற குலை, லாரியேறி, ஆலைக்குப் போய், எங்கெங்கோ சுற்றி, வண்ண பாட்டிலாக எங்கள் ஊர்க் கடை அலமாரிக்கே திரும்பி வருகிறது. அதனால் ஷாம்பூவைப் பார்த்து "கெமிக்கல்" என்று முகம் சுளிப்பவர்களிடம் நான் சொல்வது: அதிலும் நம்ம வேர்வை இருக்கு.

என் அம்மா வெட்டியது பால்மரம், அதாவது ரப்பர். விடியுமுன் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். தலையில் துணி கட்டியிருந்தாலும் நெற்றியோர முடியில் பால் தெறித்துக் காய்ந்திருக்கும். அதைத் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்து, நூல் நூலாக உருவி எடுப்பார். பாலை உறையவைக்க ஊற்றும் ஆசிட் வாசம் வேறு துணியிலும் முடியிலும் ஏறியிருக்கும். எண்ணெயும் பாலும் ஆசிட் வாசமுமாக இருக்கிற தலைக்கு, லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் கிடைத்த மருந்து, வடித்த கஞ்சியில் குழைத்த சீயக்காய்த் தூள். செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு, புதனும் சனியும் ஆண்களுக்கு என்ற கணக்கெல்லாம் தோட்டத்தில் ஞாயிற்றுக்கிழமையாகச் சுருங்கிவிட்டது. வேலை இல்லாத நாள்தானே தலை முழுகும் நாள்.

ஒரே லயத்தில் பத்து வீடு என்றால் பத்து விதமான பக்குவம் இருந்தது. தாத்தா பாட்டி எந்த ஜில்லாவிலிருந்து கப்பலேறினார்களோ அந்த ஜில்லாவின் வழக்கம் வீட்டுக்குள் இருந்தது. சேலத்துப் பக்கம் வேரோடியவர்கள் அரப்பைப் பற்றியே பேசுவார்கள். அது உசிலை மரத்து இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள். இங்கே அவ்வளவாகக் கிடைக்காது. யாராவது ஊருக்குப் போய்விட்டு வந்தால்தான் ஒரு பொட்டலம் வரும், அதையும் தீபாவளிக்கென்று எடுத்துவைப்பார்கள். இன்னொரு வீட்டில் பச்சைப்பயறு மாவு இல்லாமல் தலை முழுக மாட்டார்கள். எங்கள் பாட்டி வெந்தயக் கட்சி. பயறு மாவு எண்ணெயை உறிஞ்சும், வெந்தயம் வழவழப்பைக் கொடுக்கும், அரப்பு குளிர்ச்சி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. எல்லாமே ஓரளவு சரிதான்.

கஞ்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குக்கர் வந்த பிறகு சோறு வடிப்பதே நின்றுவிட்டது; கஞ்சியும் போய்விட்டது. வடிகஞ்சியில் இருக்கும் மாவுச்சத்து சீயக்காய்த் தூளை முடியில் பிடித்து நிற்கச் செய்யும். வெறும் தண்ணீரில் கரைத்தால் வழிந்து முதுகில்தான் போகும். தூள் போட்டுக் குளிக்க விரும்புகிறவர்கள் அன்றைக்கு ஒரு நாளாவது சோற்றை வடியுங்கள். ஆறின கஞ்சியாக இருக்கட்டும்.

லயம் போனபோது செடிகளும் போயின. தோட்டம் கைமாறி, லயங்களை இடித்து, எங்களைத் தாமான் என்ற புதுக் குடியிருப்பு வீடுகளுக்கும் அடுக்குமாடிக்கும் அனுப்பியபோது எல்லாரும் அலமாரியையும் சாமிப் படத்தையும் ஏற்றினோம். வீட்டுக்குப் பின்னால் இருந்த கறிவேப்பிலையை எப்படி ஏற்றுவது? அம்மா மட்டும் செம்பருத்தியிலும் மருதாணியிலும் குச்சி ஒடித்து, நாற்று மேடையில் கிடந்த கறுப்புப் பொலிபேக்குகளில் நட்டுக் கொண்டுவந்தார். கற்றாழையைக் கன்றோடு பிடுங்கி சாக்கில் போட்டுக்கொண்டார். இன்று என் வீட்டு வாசலில் இருக்கும் செம்பருத்தி அந்தக் குச்சியின் வழிதான். இதைச் சொல்வதற்குக் காரணம், அடுக்குமாடியில் இருப்பவர்களும் இதைச் செய்யலாம் என்பதற்காக. ஐந்தாம் மாடித் தாழ்வாரத்தில்கூட ஒரு வாளியில் செம்பருத்தி வரும். காலை வெயில் பட்டால் போதும்.

சரி, காய்ச்சுகிற முறைக்கு வருகிறேன்.

இடுப்பு வரை முடி இருக்கிற ஒருவருக்கு ஒரு முழுக்குக்கு இந்த அளவு: சீயக்காய் 8 முதல் 10 காய், பூந்திக்கொட்டை 5 அல்லது 6, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. காய்ந்த நெல்லி இருந்தால் நாலு துண்டு, இல்லாவிட்டால் பாதகமில்லை. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் எங்கள் ஊர் மளிகைக்கடையிலேயே இருக்கும். பழசாக இருந்தால் கிள்ளான் நகரின் தெங்கு கெலானா சாலைக்குப் போகும்போது வாங்கிக்கொள்வேன். அங்கே சரக்கு சீக்கிரம் போய்ச் சீக்கிரம் வருகிறது. வாங்கும்போது சீயக்காயை ஒடித்துப் பாருங்கள். சடக்கென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. உள்பக்கம் வெள்ளையாகப் பூத்திருந்தால் வேண்டாம், விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

பூந்திக்கொட்டையைத் தட்டி உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிட வேண்டும். நுரை எல்லாம் தோலில்தான். விதையில் ஒன்றும் இல்லை, கொதிக்கவைத்தால் கலங்கல்தான் மிஞ்சும். அந்த விதைகளை நாங்கள் பல்லாங்குழிக்கு எடுத்துக்கொள்வோம். நல்ல கனமும் வழுவழுப்புமாக இருக்கும்.

சீயக்காயை நாலாக ஒடித்து, பூந்தித் தோலோடும் வெந்தயத்தோடும் இரவே ஊறப்போடுங்கள். பாத்திரம் எவர்சில்வரோ மண்சட்டியோ இருக்கட்டும். இரும்புச் சட்டி வேண்டாம். நெல்லியிலும் சீயக்காயிலும் துவர்ப்பு உண்டு. அது இரும்போடு சேர்ந்தால் கரைசல் மையாகக் கறுத்துவிடும். நரைக்கு நல்லது என்று வேண்டுமென்றே இரும்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். துண்டும் குளியலறைச் சுவரும் கறையாவதுதான் நிச்சயம்.

காலையில் அந்தத் தண்ணீரோடேயே அடுப்பில் ஏற்றிச் சின்னத் தீயில் 15 முதல் 20 நிமிடம். சட்டி பெரிதாக இருக்க வேண்டும். பூந்திக்கொட்டை பால் பொங்குவது போல் திடீரென்று பொங்கிக்கொண்டு வரும், அடுப்பு முழுக்க வழிந்தால் துடைத்து மாளாது. தோல் விரலால் நசுங்குகிற பதம் வந்தால் அணைத்துவிடலாம். அப்புறம் ஆற வேண்டும். நன்றாக, கை பொறுக்குகிற அளவுக்கு. ஆறியபின் கையைவிட்டுப் பிசையுங்கள். மிக்ஸியில் அடிக்கிறவர்களும் உண்டு; நேரம் மிச்சம்தான், ஆனால் நார் எல்லாம் பொடியாகி வடிகட்டுகிற இடத்தில் உயிரை வாங்கும். கையால் பிசைந்தால் சக்கை சக்கையாகவே நிற்கும். பழைய வேட்டித் துணியில் ஊற்றி முறுக்கிப் பிழிந்தால் தேன் நிறத்தில், கொஞ்சம் கொழகொழப்பாக வரும். வெந்தயத்தைக் கூடப் போட்டுவிட்டால் துணியில் இறங்கவே இறங்காது. ஒரு தேக்கரண்டி என்று நான் சொன்னதற்கு அதுதான் காரணம்.

வடிகட்டுவதில் சோம்பல் படாதீர்கள். வீட்டு ஷாம்பூவைப் பற்றி நான் கேட்கிற குறைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு இடத்தில்தான் பிறக்கின்றன. காய்ந்த பிறகு முடியில் பொடிப் பொடியாக ஒட்டியிருக்கிறது, அரிக்கிறது, பொடுகு மாதிரி கொட்டுகிறது என்பார்கள். கொட்டுவது பொடுகு இல்லை, சீயக்காய். இரண்டு முறை வடிகட்டினால் அந்தப் பேச்சே இருக்காது.

தலையை முதலில் வெறும் தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொண்டு, கரைசலில் பாதியைத் தலைத்தோலில் படும்படி ஊற்றித் தேய்த்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள். பிறகு மீதிப் பாதி. எண்ணெய் வைத்த நாளில் இரண்டாவது ஊற்றில்தான் நுரையே தெரியும். முதல் ஊற்றில் நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் ஊற்றத் தேவையில்லை. அது எண்ணெயோடு வேலை செய்துகொண்டிருக்கிறது. கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சபோனின் கண்ணில் பட்டால் எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை, சிவந்து அரை நாள் உறுத்தும். பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் நிறைய நேரம் கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு நான் இதைப் போடுவதில்லை, அவர்களால் கண்ணை மூடிக்கொண்டு நிற்க முடியாது. முதல் தடவை பயன்படுத்துகிறவர்கள் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தலைக்குப் போடுங்கள். செடியிலிருந்து வருகிற பொருளும் சிலருக்குச் சேராமல் போகும். சாயம் அடித்த முடியென்றால் நிறம் சீக்கிரம் மங்கலாம்.

பலரும் தடுமாறுகிற இடம் இனிமேல்தான். ஒரு சட்டி காய்ச்சி பாட்டிலில் ஊற்றிக் குளியலறையில் வைத்தால் மாதம் முழுக்க வரும் என்று நினைக்கிறார்கள். நம் சீதோஷ்ணத்தில் இரண்டாம் நாளே புளித்த வாடை வந்துவிடும். தண்ணீர், அதில் செடிச் சத்து, வெளியே 30 டிகிரி வெக்கை. கிருமிக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது. கடை ஷாம்பூ மாதக்கணக்கில் நிற்பதற்குக் காரணம் அதில் போட்டிருக்கும் சோடியம் பென்சோயேட் மாதிரியான பதப்பொருள்கள். அதைத் திட்டுகிறவர்கள், அது இல்லாவிட்டால் பாட்டிலுக்குள் என்ன வளரும் என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். எலுமிச்சை பிழிந்தாலோ உப்புப் போட்டாலோ கெடாது என்பதையும் நம்பாதீர்கள். வாடை வருவதற்கு முன்பே கிருமி வளர ஆரம்பித்திருக்கும், தலையில் கீறலோ புண்ணோ இருந்தால் வினையாகும்.

ஆகவே ஒரு முழுக்குக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும் காய்ச்சுங்கள். மிச்சமானால் குளிர்பெட்டியில் வைத்து நாலைந்து நாளில் முடித்துவிடுங்கள். என் மகள் கோலாலம்பூரில் வாடகை அறையில் இருக்கிறாள், வாராவாரம் காய்ச்ச நேரம் கிடையாது. அவளுக்கு ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்துக் கட்டியாகக் கொடுத்துவிடுகிறேன். முந்தின இரவு வேண்டிய கட்டிகளை எடுத்துக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் காலையில் கரைந்திருக்கும். "அம்மா, ரூம்மேட் இதைச் சாப்பிடுற ஜெல்லின்னு நினைச்சிட்டா" என்று போன் செய்தாள். அன்றிலிருந்து பொட்டலத்தின் மேல் எழுதி ஒட்டிக் கொடுக்கிறேன்.

தூள் அரைத்து வைத்துக்கொண்டால் இந்தக் கவலை குறையும். ஆனால் அதற்கு வேறு கவலை. இந்த நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். காயவைத்த சீயக்காய் மாலைக்குள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் அரைத்த தூள் டின்னுக்குள் கட்டி கட்டியாகி, பூஞ்சை வாசம் அடிக்கும். நான் தூள் அரைப்பது நல்ல வெயில் தொடர்ந்து அடிக்கிற மாதங்களில் மட்டும். மொறமொறவென்று காயவைத்து, அன்றைக்கே மில்லுக்குக் கொண்டுபோய், சூடு ஆறியதும் சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து, ஒன்றை மட்டும் வெளியே வைத்து, மற்றதைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுவேன். ஈரக்கை உள்ளே போகக்கூடாது.

மில்லுக்குப் போவதற்கு நேரம் பார்த்துப் போக வேண்டும். சீயக்காய்த் தூள் காற்றில் எழும்பினால் அங்கே நிற்கிற அத்தனை பேருக்கும் தும்மலும் இருமலும். அந்தச் சபோனின் மூக்குக்குள்ளும் விடாது. அதே இயந்திரத்தில் அடுத்து மிளகாயோ அரிசியோ அரைத்தால் அது நுரைத்துக்கொண்டு கசக்கும். அதனால் எங்கள் ஊர் மில்காரர், "அக்கா, சீயக்காயா? கடைசியா அஞ்சு மணிக்கு மேல வாங்க" என்று சொல்லிவிடுவார். ஐந்து மணிக்குப் போய், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே நிற்பேன். வீட்டு மிக்ஸியில் அரைக்கிறவர்களும் மூடியை உடனே திறக்காமல் தூள் அடங்கட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டுத் திறங்கள்.

காய்ச்சவும் பொறுமை இல்லை, அரைக்கவும் வழி இல்லை என்கிறவர்களுக்கு செம்பருத்தி இலை இருக்கிறது. இந்த நாட்டில் அது கிடைக்காத இடமே கிடையாது. 1960இல் தேசிய மலராக அறிவித்த புங்கா ராயா நம்ம செம்பருத்திதான். பள்ளிக்கூட வேலியில், கோயில் வாசலில், தோட்ட அலுவலகத்துக்கு முன்னால் என்று எங்கேயும் நிற்கும். ஐந்து இதழ் சிவப்புப் பூப் பூக்கிற செடியில் ஒரு கை நிறைய இலை பறித்து, கழுவி, ஒரு சொம்புத் தண்ணீரில் போட்டுக் கசக்கினால் கெட்டியான பச்சைக் கொழகொழப்பு வரும். அடுப்பே வேண்டாம். வடிகட்டித் தலையில் தேய்த்து அலசினால் எண்ணெய் வைக்காத தலைக்கு அது ஒன்றே போதும். சாலையோரச் செடியை மட்டும் தொடாதீர்கள். பூச்சி மருந்தும் களைக்கொல்லியும் எங்கே அடித்தார்கள் என்று தெரியாது. செம்பனைக் காட்டு ஓரத்தில் நிற்கிற செடிக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், என் சட்டியைப் பார்த்துவிட்டு அவருடைய வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். தலைக்கு லிமாவ் பூருட். மேடு பள்ளமாகச் சுருங்கிய தோல், இலையை நம் வீட்டிலும் தொம்யாம் சூப்புக்குப் போடுகிறோமே அதே மரம். பழத்தை இரண்டாக வெட்டி வெந்நீரில் பிழிந்து, தோலாலேயே தலைத்தோலை மெல்லத் தேய்த்து அலச வேண்டும். அந்த வாசனைக்கு ஈடு கிடையாது. சீயக்காயின் கடைசி அலசலுக்கு அரைப் பழம் பிழிந்த தண்ணீரை ஊற்றுவது இப்போது என் வழக்கமாகவும் ஆகிவிட்டது. பதிலுக்கு அவர் வீட்டுக்குப் பூந்திக்கொட்டை போகிறது. ஒன்று கவனிக்க வேண்டும்: எலுமிச்சை இனத்துச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து கறுத்துவிடும். நன்றாக அலசிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும்.

மறுபடியும் அந்த முதல் கேள்விக்கு வர வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதைக் கேட்கிறவர்களில் பலர் உண்மையிலேயே கலங்கிப்போய்க் கேட்கிறார்கள். குளியலறைச் சல்லடையில் முடியைப் பார்த்து அழுதுவிட்டு வருகிறவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை எல்லாருக்கும் உதிரும். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். எதைப் பூசினாலும் அதைவிட ஓடாது. பிள்ளை பெற்ற மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டும், தானாக நிற்கும். கடுமையான காய்ச்சலுக்குப் பிறகும் அப்படித்தான். எங்கள் சிலாங்கூரில் டிங்கிக் காய்ச்சல் வராத தெரு இல்லை. டிங்கி வந்து தேறி, இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுக்கக் கொட்டும்போது யாரும் காய்ச்சலை நினைப்பதில்லை, போன வாரம் மாற்றிய ஷாம்பூவைத்தான் குற்றம் சொல்கிறார்கள். இரத்தசோகையும் தைராய்டும்கூட முடியைக் கொட்டவைக்கும். தோட்ட வேலை பார்த்து, கடைசியில் மிச்சத்தைச் சாப்பிட்டு வளர்ந்த எங்கள் பெண்களில் இரத்தசோகை இருப்பவர்களை எனக்கு நிறையவே தெரியும். அரசாங்க கிளினிக்கில் இரத்தம் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். சீயக்காய்ச் சட்டிக்கு முன்னால் அங்கே போங்கள்.

பொடுகும் அப்படியே. தலைத்தோலில் எல்லாருக்கும் இருக்கிற ஒரு வகைப் பூஞ்சைக்காளான், அங்கே சுரக்கும் எண்ணெயைத் தின்று பெருகும்போது பொடுகு கூடுகிறது. பொடுகுத் தலையில் எண்ணெயை நிறைய வைத்து இரண்டு நாள் ஊறவிடுவது அதற்குச் சோறு போடுகிற வேலை. சீயக்காய் எண்ணெயை எடுப்பதால் கொஞ்சம் அடங்கும். அடங்காவிட்டால் மருந்தகத்தில் பூஞ்சைக்கான கீட்டோகொனசோல் ஷாம்பூ இருக்கிறது. கேட்டு வாங்கிப் போடுங்கள், வெட்கமில்லை. என் வீட்டில் அதுவும் ஒரு பாட்டில் இருக்கிறது, சீயக்காய் டப்பாவுக்குப் பக்கத்திலேயே.

"இவ்வளவு செய்யறியே, பாட்டில்ல போட்டு விக்கலாமே" என்றும் சொல்வார்கள். விற்பதென்றால் மலேசியாவில் அழகுசாதனப் பொருளைத் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவுக்கு அறிவித்துப் பதிந்த பிறகே விற்கலாம். பதப்பொருள் போட வேண்டும், சோதிக்க வேண்டும். அதையெல்லாம் முறையாகச் செய்து விற்கிற பெண்கள் நம்மில் இருந்தால் எனக்குப் பெருமைதான். இரவுச் சந்தையில் பெயரும் தேதியும் இல்லாத பாட்டிலில், முடி முளைக்கும் என்று சொல்லி விற்கிறதை மட்டும் வாங்காதீர்கள். எப்போது காய்ச்சியது என்று தெரியாத சீயக்காய்த் தண்ணீருக்கு அந்த விலை கொடுக்க வேண்டாம். அதே காசுக்குக் கடையில் ஒரு மாதத்துக்கு வேண்டிய காய் கிடைக்கும்.

பிழிந்த சக்கையை என்ன செய்வது என்று கேட்டு ஒரு தங்கை எழுதியிருந்தார். தூக்கிப் போடாதீர்கள். அதில் இன்னும் ஒரு முறை பாத்திரம் கழுவுகிற அளவுக்கு நுரை இருக்கிறது. பித்தளைக் குத்துவிளக்குக்குக் கொஞ்சம் புளியும் இந்தச் சக்கையும் சேர்த்துத் தேய்த்தால் பளிச்சென்று வரும். பொங்கலுக்கு முந்தின வாரம் எங்கள் வீட்டில் வெண்கலப் பானைக்கும் இதுதான். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பட்டுச்சேலையை அலசலாம், நகையை ஊறவைத்து மென்மையான பிரஷ்ஷால் தேய்க்கலாம். அதற்கு வெந்தயம் சேர்க்காமல் தனியாக ஊறவைத்த தண்ணீர் வேண்டும். தேய்த்து முடித்த சக்கையை மண்ணில் புதைத்துவிடுங்கள். மீன் தொட்டியிலோ குளத்திலோ ஆற்றுக்குப் போகிற கால்வாயிலோ மட்டும் கொட்டக்கூடாது. சபோனின் மீனின் செவுளைத் தாக்கும், கொஞ்சம் இருந்தாலே மீன் செத்து மிதக்கும். இப்படிப்பட்ட காயை இடித்துப் போட்டு மீன் பிடிக்கிற வழக்கமே பல ஊர்களில் இருந்திருக்கிறது. தாமானில் மீன் வளர்க்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், வீட்டுப் பிள்ளைகளிடமும் இதைச் சொல்லிவையுங்கள்.